தமிழில் உளவளத்துணை செய்வோருக்கும் அவர்களைக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மருத்துவ சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சுகாதார அமைச்சில் உளநலத்துக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும், கொழும்பில் தமிழில் உளவளத்துணை செய்யும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் உளவியல் படித்தவள் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். அம்மா இறந்த பிறகு நித்திரையும் இல்லாமல் சாப்பாடும் இறங்காமல் கிடந்த காலத்தில் ஓர் உளவியலாளரிடம் போய்த் தேறியவள். ஆகவே உளவளத்துணையைக் குறை சொல்ல இதை எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். அப்படி வேலை செய்வதால்தான் பயமும் இருக்கிறது. மனிதரை உள்ளிருந்து நிமிர்த்தக்கூடிய ஒன்று, கை தவறினால் அதே இடத்தில் முறிக்கவும் செய்யும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்குள் எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது என்பதைத் தமிழில் எழுதி, முதல் நாள் வருகிறவரின் கையில் கொடுங்கள். மீறினால் எங்கே போய் முறையிடலாம் என்பதையும் அதே தாளில் போடுங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. இருந்தும் இத்தனை காலம் யாரும் எனக்கு அப்படி ஒரு தாளைத் தரவில்லை. நான் விசாரித்த உறவினர், சிநேகிதிகள் யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டு படிவங்களும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றில் முக்கால்வாசி கட்டணத்தைப் பற்றியும், வராவிட்டால் காசு திரும்பத் தரப்படாது என்பதைப் பற்றியும்தான்.

கொழும்பு பெரிய நகரம் என்பார்கள். தமிழருக்கு அது அவ்வளவு பெரிதில்லை. கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்று நாலைந்து இடங்கள். அவற்றுக்குள் அதே பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள், அதே கோயில்கள், அதே கல்யாண மண்டபங்கள். மயூரபதி அம்மன் கோயில் ஆடிப்பூரத்தன்று சனத்துக்குள் நின்று பாருங்கள்: உங்கள் பழைய மனேஜர், பிள்ளையின் ரியூசன் மாஸ்டர், பல் டொக்டர், உங்கள் உளவியலாளர், அவருடைய மாமியார் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தமிழில் இந்த வேலையைச் செய்யக்கூடியவர்களோ கொஞ்சப் பேர்தான். ஆங்கிலத்தில் வழக்குப் பேசலாம், கணக்குப் பேசலாம். அம்மாவைப் பற்றி அழுவதற்கு அது உதவாது. ஆகவே தெரிந்த முகமாக இருந்தாலும் அவரிடமேதான் போக வேண்டியிருக்கிறது.

தெரிந்தவருக்குச் சிகிச்சை செய்யாதே, சிகிச்சைக்கு வந்தவரோடு வேறு தொடர்பு வைக்காதே என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பெருநகரத்துக்குச் சரி. அமெரிக்க உளவியற் சங்கத்தின் நெறிக்கோவைகூட, தீங்கோ சுரண்டலோ வராது என்று நியாயமாக நம்பக்கூடிய இடத்தில் இரண்டாவது உறவு ஒன்று இருப்பதையே தவறென்று சொல்வதில்லை. நம்மூரில் கோயிலிலும் கடையிலும் முகம் பார்ப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் பார்த்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

என்னுடைய உளவியலாளர் முதல் நாளே சொன்னார்: “வெளியில கண்டா நானா வந்து கதைக்க மாட்டன். அதைத் தப்பா எடுக்காதேங்கோ. நீங்களா வந்து கதைச்சா கதைப்பன், ஆனா இங்க கதைக்கிறதை அங்க கதைக்க மாட்டன்.” ஒருமுறை வெள்ளவத்தை மாக்கெட்டில் மீன்காரருக்கு முன்னால் நேருக்கு நேர் பட்டுவிட்டோம். அவர் பாரை என்ன விலை என்று கேட்டுக்கொண்டே நின்றார். நான் நகர்ந்து போய் மரக்கறிப் பக்கம் நின்றேன். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்னைப் பற்றிய எல்லாம் அந்த மனிசியிடம் இருக்கிறது. அது மீன்கடை வரை வரவில்லை.

வேறொரு நாள், ஒரு கல்யாண வரவேற்பு. வேறோர் ஆலோசகர். மேசை மேசையாகக் கதைத்துக்கொண்டு வந்தவர், ஓர் இளம் பெண்ணின் தோளில் கை வைத்து, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “இவ இப்ப நல்லா இருக்கிறா. முதல் என்னட்ட வரேக்க பாத்திருக்கோணும்” என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பிள்ளையின் புகுந்த வீட்டார் அதே மேசையில் இருந்தார்கள். அவள் கையில் இருந்த ஐஸ்கிரீம் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு மண்டபத்தில் அவளைக் காணவில்லை. அந்த ஒரு வசனத்துக்காக அந்த ஆலோசகரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அன்ரி ஒருவர், “நல்ல மனுசன், எவ்வளவு அக்கறை” என்று வேறு சொன்னார்.

இதைவிட மோசமானது கல்யாண விசாரிப்பு. சம்பந்தம் பேசும்போது நாலு இடத்தில் விசாரிப்பது நமக்குப் பழகிய விஷயம். பாடசாலை அதிபரிடம் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், வேலைத்தளத்தில் கேட்பார்கள். இப்போது உளவியலாளரிடமும் கேட்கிறார்கள். “அந்தப் பிள்ளை உங்களிட்ட வந்ததாமே, பெரிய பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?” என்று லண்டனிலிருந்து ஒரு கோல். கேட்கிறவர் தெரிந்தவர், ஒரே ஊர்க்காரர், மரியாதையாகக் கேட்கிறார். இங்கேதான் நல்ல மனிதர்களும் சறுக்குகிறார்கள். “ஐயோ, அது சின்ன விஷயம், இப்ப ஓகே” என்று பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பதிலோடு சம்பந்தம் குழம்பிவிடும், ஏனென்றால் அவள் வந்தது உறுதியாகிவிட்டது. இப்படியான கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும்: யார் என்னிடம் வருகிறார், வரவில்லை என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வந்தவரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில், வராதவரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். வராதவரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் “இல்லை, அந்தப் பிள்ளை என்னட்ட வாறேல்ல” என்று உற்சாகமாகச் சொல்கிறவர்கள், மற்ற நேரம் மௌனமாக இருப்பதன் மூலமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தாங்களே தரகர் வேலையும் பார்க்கிறார்கள். “எனக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல பெடியன் இருக்கிறான்.” அந்தப் பெடியனும் அவரிடம் வருகிறவன்தான். இதைக் கேட்டு நான் சிரித்தேன், சிரிக்கக் கூடாது.

முகநூலில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரை மாற்றிவிட்டேன், ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்கள். “கனடா மாப்பிள்ளையைக் கட்டி ஆறு மாதத்தில் திரும்பி வந்த, வங்கியில் வேலை செய்யும் முப்பது வயதுப் பெண்” என்று நீங்கள் எழுதினால், கீழே கருத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியும். மீதிப் பேர் தேடிக் கண்டுபிடிப்பார்கள். விழிப்புணர்வுக்காக எழுதுவதென்றால் பத்துப் பேரின் கதையைக் கலந்து எழுதுங்கள், அல்லது சம்பந்தப்பட்டவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கேட்கும்போதும் ஒன்றை யோசியுங்கள்: தன்னைக் காப்பாற்றியவர் கேட்கும்போது “மாட்டன்” என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. அறைக்குள் அழுதபடி சொன்னது உங்கள் பக்கத்துக்கு லைக் வாங்குவதற்காகச் சொன்னது இல்லை.

அறை என்றேன். கொழும்பில் அந்த அறை எப்படி இருக்கிறது என்பதும் அமைச்சுக்குத் தெரிய வேண்டும். தனியார் இடத்தில் சனல் பண்ணிப் போனால், முன்னால் இருக்கும் பெண் பிள்ளை நம்பரையும் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறாள். சில இடங்களில் நேரத்தை மிச்சம் பிடிக்க அடுத்த நம்பரை முன்கூட்டியே அறைக்குள்ளே எடுத்து ஓரத்துக் கதிரையில் இருத்துவார்கள். காய்ச்சலுக்கு அது பரவாயில்லை. கணவர் அடிக்கிறார் என்று சொல்ல வந்தவள், பின்னால் முன்பின் தெரியாத ஒருவர் இருமிக்கொண்டிருக்கும்போது, “நித்திரை குறைவு டொக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிசையோடு திரும்பிப் போவாள். இரகசியம் காப்பது என்பது டொக்டரின் வாயில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை, கதவிலும் இருக்கிறது.

அரச கிளினிக்கில் வேறு பிரச்சினை. டொக்டருக்குத் தமிழ் தெரியாது, வந்தவருக்குச் சிங்களம் போதாது. மொழிபெயர்க்க ஆளில்லை. துடைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் கூட வந்த மகனைக் கேட்பார்கள். ஒரு தாய் தன் மண வாழ்க்கையின் துன்பத்தைப் பதினான்கு வயது மகன் வாயால் டொக்டருக்குச் சொல்ல வேண்டும் என்றால், அவள் என்ன சொல்வாள்? நீங்களே யோசியுங்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. அது பெயர்ப்பலகைக்கும் படிவத்துக்கும் மட்டுமானது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உளநலக் கிளினிக் நடக்கும் நாட்களில், இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் அங்கே இருக்க வேண்டும். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, சரி, விடுகிறேன்.

காசு கட்டுகிறவர் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கும் அப்பாதான் காசு கட்டுவார். கட்டியவர், “என்னவாம்? என்ன சொன்னவள்?” என்று கேட்பார். கேட்கிற உரிமை இருப்பதாக உண்மையாகவே நம்புவார். வளர்ந்த பிள்ளை சொன்னதை அந்தப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்ல முடியாது என்று பெற்றோருக்கு முன்னாலேயே, முதல் நாளே, சொல்லுங்கள். தன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கை மீற வேண்டி வரும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். 1976இல் கலிபோர்னியா உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இதைத்தான் சொன்னது: சிகிச்சைக்கு வருகிறவரால் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த இன்னொருவரைக் காப்பாற்ற நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சை தருகிறவருக்கு உண்டு. விதிவிலக்கு அவ்வளவுதான். தகப்பனின் ஆவல் அந்த விதிவிலக்கில் சேராது.

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன்.

என் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய அனுமதியோடு, ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். மனச்சோர்வு என்று ஓர் ஆலோசகரிடம் போனாள். நல்ல பெயருள்ளவர், கூட்டங்களில் பேசுகிறவர். முதலில் பின்னேரம் நாலு மணிக்கு இருந்த நேரம், ஆறாகி, பிறகு அன்றைய கடைசி ஆளாகியது. முன்மேசைப் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஒரு மணித்தியாலம் ஒன்றரையாகியது. “உங்களிட்ட காசு வாங்க மனம் வரேல்ல” என்றார். காலையில் வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு குட் மோர்னிங் வந்தது, பிறகு இரவிலும் வந்தது. ஒருநாள் தன் மனைவி தன்னைப் புரிந்துகொள்வதில்லை என்றார். “உங்களோட கதைச்சாத்தான் எனக்கு மனம் லேசாகுது” என்றார். அவள் அதைக் கேட்டுப் பயப்படவில்லை, பெருமைப்பட்டாள். இந்தக் கதையிலேயே என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். தன்னால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நம்பிக்கொண்டு போன பிள்ளை. தன்னால் ஒருவருக்கு ஆறுதல் என்றதும் அவளுக்கு அது மருந்து மாதிரி இருந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்த அன்றுதான் ஏதோ பிழை என்று அவளுக்கு விளங்கியது. போவதை நிறுத்தினாள். வீட்டில் சொன்னாள். “அவர் அப்பா மாதிரி, நீ பிழையா விளங்கிட்டாய்” என்றார்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் படிகள் ஒன்றும் புதிதல்ல. கடைசி நேரம், நீளும் நேரம், வாங்காத கட்டணம், தன் சொந்தக் கதை, பிறகு தொடுகை. இந்த ஒழுங்கைப் பற்றி அமெரிக்காவில் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1993இல் குதைல், கபார்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் சிகிச்சை உறவில் எல்லை தாண்டல் வேறு, எல்லை மீறல் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அழுது தடுமாறி விழப் போகிறவரைக் கை கொடுத்துத் தூக்குவது ஒரு தாண்டல். அதைப் பற்றி அடுத்த முறை வெளிப்படையாகப் பேச முடியும், தீங்கு இல்லை. சுரண்டலும் தீங்கும் உள்ளது மீறல். அதைப் பற்றிப் பேச்செடுக்கவே சிகிச்சை தருகிறவர் விரும்ப மாட்டார். எனக்கு இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைத்தது: நடந்ததைத் தன் மேற்பார்வையாளரிடம், அதாவது தன் வேலையைப் பார்த்து வழிகாட்டுகிற மூத்தவரிடம், அப்படியே சொல்ல முடியுமா? அந்தக் காலைப் பூப்படத்தை யாருக்காவது காட்டியிருப்பாரா அவர்?

சிகிச்சைக்குப் போகிறவருக்குச் சிகிச்சை தருகிறவர் மேல் அன்பு வருவது சகஜம். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 1915இலேயே, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த அன்பு சிகிச்சைச் சூழலால் கிளம்புவது, தன் அழகாலோ கவர்ச்சியாலோ வந்தது என்று மருத்துவர் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கருத்து. அதாவது அங்கே வருகிறவர் அன்புவயப்படுவது தவறில்லை. அதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் தவறு. ஆகவே “அவளும் விரும்பினாள்” என்பது இங்கே பதிலாகாது. நோயாளி வீட்டுக்குள் நுழையும் மருத்துவர் பாலியல் உறவைத் தவிர்க்க வேண்டும் என்று ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே இருக்கிறது. இருந்தும் அமெரிக்க உளவியற் சங்கம் தன் நெறிக்கோவையில் இதை வெளிப்படையாகத் தடை என்று எழுதியது 1977இல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால், சிகிச்சை என்ற பெயரில் தன்னோடு உறவு வைத்த மனநல மருத்துவருக்கு எதிராக ஒரு பெண் நியூயோர்க்கில் வழக்காடி வென்றிருந்தார். பெரிய நாடுகளிலும் யாராவது ஒருத்தி முதலில் வந்து அடிபட்டுத்தான் இதெல்லாம் தாளில் ஏறியது.

சிகிச்சை முடிந்த பிறகு? உளவியலாளர்களுக்கு அமெரிக்க உளவியற் சங்கத்தின் 1992இன் கோவை ஒரு கணக்கு வைத்தது: குறைந்தது இரண்டு வருடம், அதற்குப் பிறகும் மிக அபூர்வமான சூழ்நிலையில் மட்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கமோ 1993இல், முன்னாள் நோயாளியோடும் எக்காலத்திலும் கூடாது என்று சொல்லிவிட்டது. நம்மூருக்கு எது பொருந்தும் என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். நியூயோர்க்கில் இரண்டு வருடத்தில் ஒருவர் இன்னொருவர் வாழ்க்கையிலிருந்து மறைந்துவிடலாம். வெள்ளவத்தையில் இரண்டு வருடம் கழித்தும் அதே ஒழுங்கையில்தான் பால் வாங்குவார்கள். அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தவை எல்லாம் அப்போதும் தெரிந்தே இருக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் முழுவதும் மூடவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலோ செயலாலோ செய்யும் விருப்பமில்லாத பாலியல் சீண்டலைக் குற்றமாக்குகிறது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தது இதற்குள் வரக்கூடும். ஆனால் அதற்கு முந்தின மாதங்கள்? அந்த நேரம் அவள் மறுக்கவில்லையே, பதில் செய்தியும் அனுப்பினாளே என்று எதிர்த்தரப்பு சட்டத்தரணி அந்த வட்ஸ்அப் செய்திகளின் படத்தை நீட்டுவார். ஜெர்மனியின் குற்றவியல் கோவையில் 1998 முதல் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது: சிகிச்சை உறவைத் துஷ்பிரயோகம் செய்து அங்கே வருகிறவரோடு பாலியல் நடத்தையில் ஈடுபடுவதே குற்றம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 1980களிலேயே அதைச் செய்தது. கலிபோர்னியாவில், முந்தைய சிகிச்சையாளர் தன்னிடம் இப்படி நடந்தார் என்று ஒருவர் சொன்னால், கேட்ட சிகிச்சையாளர் அவரது உரிமைகளையும் முறையிடும் இடங்களையும் சொல்லும் ஒரு சிறு நூலைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும். நான் கேட்கிற தாளுக்கு அண்ணன் முறை.

இப்போது நாங்கள் முறையிடப் போன கதை. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. தொலைபேசியில் எடுத்தவர் பண்பாகத்தான் பேசினார். அந்த ஆள் டொக்டரா என்று கேட்டார். இல்லை. சிகிச்சை உளவியலாளராகப் பதிவு செய்தவரா? அதுவும் இல்லை. அப்படியென்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பொலிசுக்குப் போங்கள் என்றார். பொலிசுக்குப் போக அந்தப் பிள்ளைக்கு மனம் இல்லை. அவளுக்கு வழக்கு வேண்டாம். அந்த மனிதர் இன்னொரு பிள்ளையைக் கடைசி நம்பராக்கக் கூடாது, அதுதான் அவள் கேட்டது. அதைக் கேட்டு வாங்க ஒரு கதவும் கிடைக்கவில்லை.

மருத்துவ சபைக்கு: உங்கள் பதிவேட்டில் உள்ளவர் தொழிலுக்கு இழுக்கான நடத்தையில் ஈடுபட்டால் பெயரை நீக்கும் அதிகாரம் மருத்துவக் கட்டளைச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. நல்லது. ஆனால் உளவளத்துணையாளர் என்ற பலகையோடு இருக்கும் எத்தனையோ பேர் அந்தப் பதிவேட்டில் இல்லை. சிலர் பட்டதாரிகள், சிலர் வார இறுதி டிப்ளோமா, சிலர் போதகர்கள், சிலர் யூடியூப். உளவளத்துணையாளர் சங்கத்தில் சேருவதும் சேராததும் அவரவர் இஷ்டம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு குறுகிய பயிற்சியோடு வந்து இறங்கிய கூட்டத்தை நாங்கள் பார்த்தவர்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். நல்ல மனதுக்கு மேற்பார்வை வேண்டாம் என்று யார் சொன்னது? வங்கியில் என் தங்கையின் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தால், அதை நான் தொடாமல் எழுத்தில் அறிவித்து இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். என்னைக் கள்ளி என்று நினைத்து அந்த விதியை வைக்கவில்லை. விதி இருந்ததால்தான் தங்கை என்னிடம் வந்து கெஞ்சவும் இல்லை, நான் மறுத்து மனக்கசப்பு வரவும் இல்லை. உளவளத்துணை செய்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை; எல்லாவற்றையும் தங்கள் நல்ல குணத்தால் மட்டுமே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே உளவளத்துணை என்ற பெயரில் காசு வாங்கியோ வாங்காமலோ ஆள் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு கட்டாயப் பதிவு வேண்டும். பதிவு எண் கதவில் இருக்க வேண்டும். பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இதற்குள் வர வேண்டும். பாடசாலைகளில், கணிதமும் படிப்பித்து, ஒழுக்கத்துக்கும் பொறுப்பாக இருந்து, உளவளத்துணையும் செய்யும் ஆசிரியர்களை முதலில் அந்தச் சிக்கலிலிருந்து விடுவியுங்கள். காலையில் தண்டித்தவரிடம் மத்தியானம் போய் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், தமிழில் விசாரிப்பார்கள், விசாரணைக்குழுவில் ஒரு பெண்ணாவது இருப்பார், முறையிட்டவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். சிறிய சமூகத்தில் இந்தக் கடைசி ஒன்று இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் எழுத்து.

தமிழில் தொழில் செய்யும் உளவியலாளர்களே, உங்களில் பெரும்பாலானவர்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் அதிகம், நேரம் குறைவு, இரவு பதினொரு மணிக்கும் செய்தி வருகிறது. எல்லை உங்களையும் காக்கும். வேலை நேரத்துக்கு வெளியே பதில் சொல்ல மாட்டேன், அவசரமென்றால் 1926க்கு எடுங்கள் என்று முதல் நாளே சொல்லுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். உங்கள் சொந்தக் கவலையைச் சொல்ல உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அது உங்கள் மேற்பார்வையாளரிடமோ நண்பரிடமோ இருக்கட்டும், எதிரே இருக்கிறவரிடம் வேண்டாம்.

தீபாவளிக்கு யாராவது முறுக்கும் பயற்றம் உருண்டையும் கொண்டு வந்தால் வாங்குங்கள். இதைப் பலர் என்னிடம் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். ஒரு டப்பா பலகாரத்தைத் திருப்பி அனுப்பினால் நம் ஆட்கள் அதை அவமதிப்பாக எடுப்பார்கள், அடுத்த முறை வரவும் மாட்டார்கள். வாங்கி, முன்மேசையில் எல்லோருக்கும் வையுங்கள். தங்கச் சங்கிலி வந்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு என்று உங்களுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் கேட்க ஆள் வைத்திருங்கள்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. அறைக்குள் நடப்பதை வெளியில் யாருக்கும் சொல்லாதே என்று உங்களிடம் கேட்கும் உரிமை சிகிச்சை தருகிறவருக்கு இல்லை. இரகசியம் காக்க வேண்டியது அவர். நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படி ஒருவர் உங்களிடம் கேட்டால், அன்றே எழுந்து வாருங்கள். பெண்களாக இருந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால், பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுக்கலாம்.

இந்த மடலின் பிரதியை நொரிஸ் கனால் வீதியில் இருக்கும் மருத்துவ சபைக்கும் அமைச்சுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தாளில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி வரைவையும் கூடவே வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். திருத்துங்கள், வெட்டுங்கள், முழுவதையும் மாற்றி எழுதினாலும் பரவாயில்லை. பதிலைத் தமிழில் அனுப்புங்கள். என் உறவுக்காரப் பிள்ளையும் அதை வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்